போர்த்துகீசியக் கடன்சொற்களும் இணைச்சொற்களும்

இத்தலைப்பு, 16ஆம் நூற்றாண்டு முதல் கடல் வணிகம், கிறித்தவ சமயப்பணி வழியாகத் தமிழில் கலந்த போர்த்துகீசியச் சொற்களையும், அவற்றோடு பொருள் நெருங்கி வழங்கும் பிற சொற்களையும் குறிக்கும். இத்தொடர்பின் பயனாக அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது.

மேஸ்திரி, கொத்தனார்: 'மெஸ்த்ரெ' (தலைவர், ஆசான்) என்பதிலிருந்து வந்தது மேஸ்திரி. கட்டட வேலையில் கல் வைத்துப் பூசுபவர் கொத்தனார். ஆள் சேர்த்து வேலை வாங்குபவர் மேஸ்திரி. அனுபவமிக்க கொத்தனாரையும் மேஸ்திரி என்றே அழைப்பதுண்டு.

அலமாரி, பீரோ: 'அர்மாரியு' அலமாரி ஆயிற்று. சுவரில் பதித்த தட்டுகள் பெரும்பாலும் அலமாரி; நகையும் பட்டும் வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டகம் பீரோ. பீரோவின் வேர் பிரெஞ்சு.

சாவி, திறவுகோல்: 'ஷாவெ' தந்த சாவி அன்றாடப் பேச்சுக்குரியது, திறவுகோல் எழுத்துநடைக்கும் உருவக வழக்குக்கும் உரியது. மணி பிடிக்காத பயிரைக் குறிக்கும் சாவி வேறு சொல்.

ஜன்னல், சாளரம்: 'ஜனெலா' வழிவந்த ஜன்னல் பேச்சில் நிலைத்தது, சாளரம் இலக்கிய நடையில் வாழ்கிறது.

கடன்சொல் வந்ததால் பழஞ்சொல் அழிந்துவிடவில்லை. இரண்டும் தமக்குள் பொருளையும் இடத்தையும் பகிர்ந்துகொண்டன. இந்தப் பகிர்வு தமிழின் சொல்வளம்.