சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே இருப்பவர்

பெங்களூரில் கிளம்பினால் முதலில் ஓசூர், பிறகு கிருஷ்ணகிரி, அதையும் தாண்டினால் வேலூர். எல்லாம் ஒரே நெடுஞ்சாலை. 1980களில் அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற ஆலைகள் வந்த பிறகு, வேலைக்காக ஓசூரில் குடியேறிய தம்பதிகள் ஏராளம். அம்மாவும் மாமியாரும் எங்கோ ஊரில் இருப்பார்கள். மனைவி சாப்பிடாமல் இளைத்துப் போனால், அதைக் கவனிக்கக் கணவனை விட்டால் வேறு ஆள் இல்லை. அவர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமான இளம்பெண்களைப் பற்றி 1873இல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் கல், மற்றவர் பாரிஸைச் சேர்ந்த சார்ல்ஸ் லாசேக். கல் சூட்டிய 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. அனோரெக்சியா என்றால் பசியின்மை. உண்மையில் பலருக்குப் பசி இருக்கும். உடம்பு பெருத்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கும். தன் உடம்பையே தவறாகப் பார்ப்பதுதான் இந்நோயின் முக்கிய அடையாளம் என்று 1962இல் ஹில்டே புரூக் எழுதினார்.

வீட்டாருக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள், கெஞ்சுவது அல்லது மிரட்டுவது. இரண்டும் பலிக்காது என்றார் லாசேக். நோயாளியைக் கவனிக்க உறவினர்களே மிக மோசமான ஆட்கள் என்றார் கல். அதனால் நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றானது.

நூறு ஆண்டுகளுக்குப் பின் காற்று திசை மாறியது. குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சை, இளவயதில் நோய் வந்து அதிக நாள் ஆகாதவர்களுக்கு நன்கு உதவுகிறது என்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு 1987இல் காட்டியது. 2011இல் அமெரிக்காவின் சிந்தியா புலிக், டொனால்ட் பாகம் குழுவினர் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் சிகிச்சை முறையை வெளியிட்டார்கள்.

இது மேல்நாட்டு நோய் அல்லவா? இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைக்கு வந்த சிறுவர் சிறுமியரிடையே உணவுக் கோளாறுகள் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. 2012இல் வெளியான பெங்களூர் ஆய்வில், விசாரிக்கப்பட்ட மனநல மருத்துவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகைய நோயாளி ஒருவரையாவது பார்த்திருந்தார்கள். அதே நெடுஞ்சாலையின் இரு முனைகள்! நடுவில் இருக்கும் ஓசூர் மட்டும் தப்பிக்குமா? நம் ஊரில் விரதம், டயட் என்ற பெயர்களில் இது எளிதாக மறைந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த வரலாறு கணவனுக்குச் சொல்வது இதுதான். "ஒரு வாய் சாப்பிடு" என்று கெஞ்சவும் வேண்டாம், சத்தம் போடவும் வேண்டாம். "குண்டு", "ஒல்லி" என்ற கேலியும் வேண்டாம். என்ன பயம் என்று கேட்டு, பொறுமையாகக் காது கொடுத்தால் போதும். மருத்துவரிடம் போகும்போது கூடவே போக வேண்டும். 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணிலும் பேசலாம்.

அன்று வெளியே அனுப்பப்பட்டவருக்கு இன்று மருத்துவரே நாற்காலி போடுகிறார். அதில் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.