புளியமரத்துக் கொல்லைக்கு நம்பர் என்ன?

தென்னார்க்காட்டுப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பா மனு எழுதினார். மடக்கு மேசை, கார்பன் தாள், கோர்ட் ஃபீ வில்லை, அவ்வளவுதான் கடை. வருகிறவரிடம் முதல் கேள்வி, "யாரு பேர்ல இருக்கு?" அடுத்தது, "எந்தக் கொல்லை?" சர்வே நம்பரைக் கேட்கவே மாட்டார். புளியமரத்துக் கொல்லை, கிணத்தடி மேடு என்று சொன்னால் போதும். நம்பரைத் தேடிப் பிடிப்பது அவர் பாடு.

அதற்கு முன்பு அது கர்ணம் எனப்பட்ட கணக்குப்பிள்ளையின் வேலை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரை அதிகாரம் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று ஊரையே மனப்பாடமாக வைத்திருந்தவர்களும் வீட்டுக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டமும் நடந்தது. புல எண்கள் உட்பிரிவுகளாக உடைந்தன. பத்திரத்தில் ஒரு நம்பர், பட்டாவில் வேறொன்று. என் படிப்புச் செலவு அந்தக் குழப்பத்தில் வந்ததுதான்.

நான் பிரவுசிங் சென்டர் வைத்தபோது அரசுத் தளங்களில் தமிழே பெரிய பாடு. 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று எழுத்துருக் குறிமுறைகள் வந்தன. உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். 2010-இல் அரசு யூனிகோடை ஏற்ற பிறகு எழுத்து தெரிந்தது. சொல்?

பட்டா பார்க்கும் அரசுத் தளத்தில் 'அங்கீகார மதிப்பை உள்ளிடவும்' என்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, "நிலத்தோட மதிப்பா தம்பி? ஏக்கர் என்ன வெல போவுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றது. படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அடித்தேன். ரகசிய எண் செல்போனுக்கு வரும் என்றது தளம். ஆயாவின் செல்போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பேரனிடம்.

இப்போது அந்தத் தளத்தில் பெயரைக் கொண்டு தேடும் வசதியும் வந்துவிட்டது. நல்ல வசதிதான், ஆனால் அது ஆள் பெயர், கொல்லைப் பெயர் அல்ல. அப்பாவின் நோட்டு என் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது: இடப்பக்கம் கொல்லைப் பெயர், வலப்பக்கம் பழைய நம்பர், புது நம்பர். போன வாரம்கூட இரண்டு வரி சேர்த்தேன்.