கல்லூரி விளையாட்டு வீரர்களின் கல்வித் தகுதி (அமெரிக்கா)

அமெரிக்காவில் விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரி சேர எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதை வகுப்பது என்.சி.ஏ.ஏ. எனும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1906-இல் தோன்றிய இச்சங்கம், நாடு முழுவதற்குமான அளவுகோல் ஒன்றை 1965-இல்தான் ஏற்றது. அதன் பெயர் ‘1.600 விதி’. பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத்தேர்வையும் வைத்துக் கணக்குப் போட்டு, முதலாண்டில் மாணவர் 4-க்கு 1.6 சராசரியாவது எடுப்பார் என்று பட்டால்தான் உதவித்தொகை. ஏறக்குறைய ஜாதகம் பார்ப்பதுதான்.

1973-இல் அது போய், பள்ளிச் சராசரி 2.0 இருந்தாலே போதும் என்றானது. எந்தப் பாடம் என்ற கேள்வி இல்லை. அந்தக் காலத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய டெக்ஸ்டர் மேன்லி, சரியாக வாசிக்கத் தெரியாமலே அங்கே காலம் தள்ளியதை 1989-இல் செனட் குழு முன் ஒப்புக்கொண்டார்.

கடிவாளம் 1983-இல் வந்தது. ‘48-ஆம் முன்மொழிவு’ என்ற அவ்விதி 1986-இல் நடைமுறையானது: ஆங்கிலம், கணிதம் உள்ளிட்ட 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரி, எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வில் 1600-க்கு 700. தவறினால் முதலாண்டில் ஆட முடியாது. தேர்வே கறுப்பின மாணவருக்குப் பாதகமானது என்று கறுப்பினக் கல்லூரித் தலைவர்கள் கொதித்தார்கள். இவ்விதியால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு உட்காரவைக்கப்பட்ட ருமீல் ராபின்சன்தான், 1989 கூடைப்பந்து இறுதிப் போட்டியில் மூன்று விநாடி மிச்சமிருக்க இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு 80–79 என அணியை வெல்லவைத்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் தகுதி பெறாதவர்களின் உதவித்தொகையிலும் கைவைத்தது ‘42-ஆம் முன்மொழிவு’. அதை எதிர்த்து ஜார்ஜ்டவுன் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், பாஸ்டன் கல்லூரியுடனான ஆட்டம் தொடங்குமுன் அரங்கைவிட்டே வெளியேறினார். விதி தள்ளிப்போனது, மறு ஆண்டே தளர்த்தப்பட்டது.

சண்டை பிறகு நீதிமன்றம் ஏறியது. 1999 மார்ச்சில், 48-க்குப் பதிலாக அப்போதிருந்த தகுதி விதியான ‘16-ஆம் முன்மொழிவு’ இனப் பாகுபாடு உண்டாக்குவதாகக் கூறி ஒரு நீதிபதி தடுத்தார். டிசம்பரில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. ஆனாலும் சங்கம் இறங்கிவந்தது. 2003 முதல், அடிப்படைப் பாடங்களில் சராசரி 3.55 இருந்தால் எஸ்.ஏ.டி.யில் 400 போதும் என்றானது. அத்தேர்வில் அதைவிடக் குறைவாக யாருக்கும் போடமாட்டார்கள்! தேர்வு நிபந்தனையை அப்போதே நீக்கியிருக்கலாம். அதற்கு இன்னும் இருபது ஆண்டு பிடித்தது.

கொரோனா காலத்தில் நிறுத்திவைத்த தேர்வு நிபந்தனையை 2023 ஜனவரியில் சங்கம் அடியோடு நீக்கியது. சங்கத்தின் முதல்நிலைப் பிரிவுக் கல்லூரிகளில் இப்போது கேட்பது 16 அடிப்படைப் பாடங்களும் 2.3 சராசரியும், அவற்றில் 10 பாடங்களைப் பள்ளி இறுதியாண்டுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.