சுழல் எஞ்சின் தீப்பொறி நேரம்

வாங்கெல் வகைச் சுழல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறியிடும் கணத்தை எக்சென்ட்ரிக் தண்டின் கோணத்தால் குறிக்கும் அளவு. மாஸ்டா 13பி எஞ்சினில் ரோட்டருக்கு லீடிங், டிரெயிலிங் என இரு பிளக்குகள் உண்டு. 1986 மாதிரி ஆர்எக்ஸ்-7 காரில் ஐடிலிங்கின்போது இவை, அறை மிகச் சுருங்கும் நிலையான மேல்மையத்துக்கு முறையே 5, 20 பாகை பின்னர் பொறியிடும்.

வாயு வந்துபோகும் போர்ட்டுகளை அகலப்படுத்தினால் உள்வழியும் வெளிவழியும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் கூடும். எரிந்த வாயு புதுக் கலவையில் கலந்து ஐடிலிங் தடுமாறும். பொறியை மேல்மையம் நோக்கி முன்னகர்த்தி, கலவையைச் செறிவாக்கி, சுழற்சி வேகத்தை உயர்த்தி இதைச் சீராக்குவர். பளு ஏறிய நிலைக்கான நேரம் தனியாக அமைக்கப்படும். அங்கு மிகை முன்னகர்வு நாக்கிங்கை உண்டாக்கி ரோட்டர் முனைகளிலுள்ள ஏபெக்ஸ் சீல்களை உடைக்கும்.