பாட்டும் பரிகாரமும்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று புகழாதார் இலர். நிலாக்காலத்தில் வாவியின் அடியிலிருந்து எழும் ஒலியைக் கேட்கத் தோணியேறிச் சென்றோர் பலர். ஆயின், அவ்வாவிக் கரைகளில் வாழ்ந்த மக்கள் தாம் பாடிய பாட்டை, அதிலும் நோயும் துயரும் வந்த வேளையிற் பாடிய பாட்டை, எண்ணிப் பார்ப்போர் சிலரே. மாவட்டத்தின் வடபால், வாகரையை அடுத்துக் கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் பனிச்சங்கேணிப் பகுதியை மனத்திற் கொண்டு, அந்த வரலாற்றைச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர்க்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. தொட்டிலருகே தாலாட்டு, கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டு, சூடு மிதிக்கையிற் பொலிப்பாட்டு, சாவீட்டில் ஒப்பாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. அம்பாவில் ஒருவர் அடியெடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடுவர், அத்தாளத்திற்கே கைகள் ஒன்றாய் இழுக்கும், களைப்புத் தோன்றாது. ஒப்பாரியோ, நெஞ்சை அடைக்கும் துயருக்குச் சொல்லும் கண்ணீரும் தந்து வெளியேற்றும். அழத் தெரியாதவர்க்கும் அழக் கற்பித்த கலை அது.

நோய்க்கு வருவோம். வைகாசி வெயிலிற் குளங்கள் வற்றுங் காலத்திலேதான் இந்நாட்டிற் கண்ணகியம்மன் சடங்கு நடைபெறும். கதவு திறந்த நாள் தொடங்கி, உடுக்கொலியோடு வழக்குரை காதை படிக்கப்படும். முடிவிலே, மதுரையை எரித்த பத்தினியின் வெஞ்சினம் தணியக் குளிர்த்தி பாடுவர். அம்மையும் கொப்பளிப்பானும் பரவாதிருக்கவும், மழை பொழியவும் வேண்டுவதே அச்சடங்கின் உட்கிடை. கொம்புமுறி விளையாட்டும் அந்நோக்குடனேயே ஆடப்பட்டது. வீட்டிலே ஒருவருக்கு அம்மை கண்டால், “அம்மாள் வந்திருக்கிறா” என்று தாழ்ந்த குரலிற் சொல்லி, வாயிலில் வேப்பிலை கட்டுவர். அயலார் அவ்வீட்டினுள் நுழையார். உள்ளே படுத்திருப்பவரின் பக்கத்திலே, மூத்த பெண் ஒருத்தி மாரியம்மன் தாலாட்டை மெல்லப் பாடிக்கொண்டிருப்பாள்.

பனிச்சங்கேணியை அடுத்த கடலோரச் சிற்றூர்களில் வாழும் வேடர் மரபினரிடத்தும், நோயுற்றவருக்காகத் தெய்வங்களை அழைத்து ஆடிப் பாடும் சடங்குகள் உண்டு. 1911-ஆம் ஆண்டிலே இலங்கை வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், இக்கரையோர வேடரையும் குறித்து எழுதியுள்ளனர். அவர்கள் மெழுகு உருளைகளிற் பதிந்து சென்ற வேடர் பாட்டுக்களை ஆராய்ந்து, அந்நூலில் இசை பற்றிய பகுதியை எழுதியவர் சார்ள்ஸ் சாமுவேல் மயர்ஸ் என்னும் உளவியல் அறிஞர். அப்பாட்டுக்களுட் சில இரண்டே சுரங்களால் ஆனவை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். இம்மயர்ஸ் என்பாரை நாம் பின்னரும் சந்திப்போம்.

இங்கே ஓர் உண்மையை ஒளியாது கூறல் வேண்டும். பாட்டினாற் பெரியம்மை ஒழியவில்லை. அந்நோய்க்கான அம்மைப்பால் குத்தும் முறை 1802-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தது. உலகத்தினின்றும் பெரியம்மை ஒழிந்தது என உலகச் சுகாதார மாநாடு 1980-இற் பறைசாற்றியது. அவ்வெற்றி மருத்துவ அறிவுக்கே உரியது.

அங்ஙனமாயிற் பாட்டுச் செய்தது யாது? நோய் வேறு, நோயாளி வேறு. நோயைத் தீர்ப்பது மருந்து. நோயாளியைத் தாங்குவது மனிதர். நள்ளிரவிற் காய்ச்சலிற் புரளும் குழந்தைக்குத் தான் தனித்தில்லை என்பதை உணர்த்தியது அந்தத் தாலாட்டு. கண்விழித்துக் காத்திருந்த தாய்க்கும் அதுவே துணை. நெடிய அடிகளை மெல்லப் பாடுங்கால் மூச்சு நீள்கிறது. மூச்சு நீள நெஞ்சின் படபடப்புத் தணிகிறது. வேப்பிலை கட்டிய வீட்டாருக்குக் கோயிற் குளிர்த்தியின் ஒலி எட்டும்போது, ‘ஊர் நம்மை மறக்கவில்லை’ என்ற ஆறுதலும் எட்டியது.

இனி, மயர்ஸ் என்பாருக்குத் திரும்புவோம். முதலாம் உலகப் போரிலே, குண்டதிர்ச்சியாற் பார்வையும் நினைவும் கலங்கிய போர்வீரரைப் பற்றி 1915-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் எழுதியவர் அவரே. போர் உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் காயப்படுத்தும் என்பதை உலகம் அதன் பின்னரே மெல்ல உணரலாயிற்று. அக்காயம் நம் பகுதிக்கும் வந்தது. 2004 டிசம்பர் 26-இற் கடல் பொங்கி வாகரைக் கரையைச் சிதைத்தது. ஈராண்டு கழியுமுன் போர் மூண்டு, 2006-2007-இல் இப்பகுதி மக்கள் ஊர்விட்டு முகாம்களில் ஒதுங்கினர். இத்தகைய காயத்திற்கு ஊசி மருந்து மட்டும் போதுமா? மட்டக்களப்பு நகரில் 1996-இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரிற் கலங்கிய தமிழ், முஸ்லிம் சிறுவரை ஒன்றாய் இருத்தி, களிமண்ணும் வண்ணமும் கதையும் பாட்டும் கொண்டு அவர்தம் சிரிப்பை மீட்க முயன்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை நோக்கி, கலைகள் உடல்நலத்திற்கும் உளநலத்திற்கும் துணையாகும் என்றே கூறுகின்றது. நம் பாட்டிமார் ஏட்டிற் படியாது அறிந்திருந்த செய்தி அது!

இளைஞர்காள்! காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பன்னெடுங்காலம் உழைத்து, 1947-இலே யாழ் நூலை நமக்களித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்து 1968-இல் வெளியிட்டார். ஏட்டில் இருந்தவை அங்ஙனம் காக்கப்பட்டன. வாயில் இருப்பவை எஞ்சியுள்ளன. இடம்பெயர்ந்தும் இழந்தும் மீண்ட முதியோர் ஒவ்வொருவராய் மறையுந்தோறும், அவருடன் ஓர் அம்பாவும் ஒரு தாலாட்டும் மறைகின்றன. அவர்தம் இசைவு பெற்று அவற்றை எழுதுங்கள்; ஒலிப்பதிவு செய்யுங்கள்; அதனினும் மேலாகப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் கண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தாமதியாதீர்கள். கொண்டு சென்றபின் அவரருகே இருக்க மறவாதீர்கள். பெரியோரே! உங்களிடம் பாட்டுக் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, “எனக்கென்ன தெரியும், மகன்?” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் பாடும் ஓரடியே, நாளை யாரோ ஒருவரின் உறங்கா இரவுக்கு மருந்தாகலாம்.