மண்டையோட்டின் ஒரு வாயில்

மூளையினின்று புறப்படும் பன்னிரு சோடி நரம்புகளுள் இறுதி நான்கும் உண்ணற்கும் பேசற்கும் பெரிதும் வேண்டப்படுவன. ஒன்பதாவது தொண்டையின் உணர்ச்சிக்கும், பத்தாவது அண்ணம், குரல்வளை என்பவற்றின் அசைவுக்கும், பதினோராவது தோளுயர்த்தும் தசைக்கும், பன்னிரண்டாவது நாவின் இயக்கத்துக்கும் உரியன. முதன் மூன்றும் மண்டையோட்டின் அடியிலுள்ள ஒரே துவாரத்தால் வெளிவருகின்றன. நான்காவது அதனை அடுத்த சிறு கால்வாயால் வருகின்றது. இவ்வயன்மையே இவற்றின் வரலாற்றையும் வகுத்தது.

கி. பி. 2ஆம் நூற்றாண்டினரான கேலன் மூளை நரம்புகளை ஏழு சோடியென எண்ணினார். ஒரு வாயிலால் வரும் மூன்றும் அவருக்கு ஆறாவது சோடி என ஒன்றாகவே தோன்றின. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1664இல், ஒட்சுபோட்டு அறிஞர் தோமசு வில்லிசு சோடிகளை ஒன்பதாக்கினார். எனினும் அவரும் அம்மூன்றையும் எட்டாவது சோடியுள் அடக்கினார். 1778இல் யேர்மனியரான சோமரிங்கே அவற்றைப் பிரித்தெண்ணி, பன்னிரண்டு என்னும் கணக்கினை நிறுவினார்.

பிணத்தை அறுத்துக் கண்ட இவ்வேறுபாடு உயிருள்ளாரிடத்துப் புலப்படும் வகையை முதலாம் உலகப் போர் விரிவாகக் காட்டிற்று. மண்டையோட்டின் அடியிற் காயமுற்றும் உயிர் பிழைத்த வீரர் சிலர் பிரான்சிய மருத்துவரிடம் வந்தனர். 1915இல் லியோன் நகரத்துக் கொலே, நான்கு நரம்புகளும் ஒருபுறத்தே ஒருங்கு செயலிழந்த வீரனொருவனின் நிலையை விவரித்தார். குரல் கம்மும், விழுங்கல் அரிதாகும், தோள் தாழும், நீட்டிய நா நோயுற்ற பக்கம் சாயும். 1917இல் சிக்காரும் இதனை ஆராய்ந்தமையால் இது கொலே–சிக்கார் நோய்த்தொகுதி எனப் பெயர் பெற்றது. நான்குடன் பரிவு நரம்பும் பழுதுற, இமை தாழ்ந்து கண்மணி சுருங்குவதை 1916இல் வில்லரே எடுத்துரைத்தார். துவாரத்து மூன்று நரம்புகள் மட்டும் கெடும் நிலையை வெர்னே வகுத்தார். நோயாளி 'ஆ' என்னும்போது தொண்டையின் பின்சுவர், இழுத்த திரைச்சீலைபோல, நலமான பக்கத்துக்கு நகர்தலும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்வகுப்புக்களின் பயன் யாது? எவ்வெந் நரம்புகள் ஒருங்கே ஓய்ந்தன என்பதை அறியின், மண்டையோட்டைத் திறவாமலே ஊறு நேர்ந்த இடத்தை உய்த்துணரலாம். இன்று இந்நோய்க்குக் கட்டிகளும், குருதிக் குழாயின் சுவர்க் கிழிவும், நாளத்தில் உறையும் குருதியும் காரணமாதலுண்டு. காந்த அலைப் படங்கள் அவற்றைக் காட்டுகின்றன. ஆயினும் எவ்விடத்தைப் படம்பிடிப்பது என்பதை மருத்துவன் நோயாளியை வாய் திறக்கவும், நா நீட்டவும், தோள் உயர்த்தவும் செய்தே அறிகின்றான்.

கேலன் மூன்றை ஒன்றாக எண்ணியது பிழையே. எனினும் அவரை மயக்கிய அந்த அயன்மையே பின்னாளில் நோயறியும் கருவியாயிற்று. அதனைக் கண்டுரைத்த மருத்துவர் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன. தம் குரலிழந்து அவ்வறிவை நல்கிய போர்வீரரையும் மாணவர் நினைத்தல் தகும்.