கன உலோக அளவீட்டு ஒப்புமை
நீரிலுள்ள ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவற்றை வெவ்வேறு ஆய்வகங்கள் அளந்தாலும் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வழிசெய்யும் தர உறுதிமுறை. வேதி அளவியலின் ஒரு பகுதி. சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள்கள், நிச்சயமின்மை மதிப்பீடு, ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பும் திறனறி சோதனை ஆகியவை இதன் அடிப்படை. மாதிரி கருவியை எட்டுமுன்பே பிழை நுழைவதுண்டு: கரைந்த உலோகத்தை அளக்க, நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த பிறகே அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் துகள்களில் ஒட்டிய உலோகமும் கரைந்து அளவு கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/90/இசி ஆணைப்படி, சூழல் தர வரம்பின் மட்டத்தில் நிச்சயமின்மை 50 விழுக்காட்டையும், அளவறி எல்லை (நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு) அவ்வரம்பின் 30 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. மென்னீரில் காட்மியத்தின் ஆண்டுச் சராசரி வரம்பு லிட்டருக்கு 0.08 மைக்ரோகிராம், எனவே ஆய்வகம் 0.024 மைக்ரோகிராமையும் நம்பகமாக அளக்க வேண்டியிருக்கிறது.